வெள்ளை விரித்த நாற்காலி

மட்டக்களப்பில் ஒரு விழா அழைப்பிதழ் கைக்கு வந்தால், விழா எதற்கென்று வாசிக்கும் முன்பே பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பார்ப்பவர்கள் நாங்கள். இதை அற்பப் பழக்கம் என்று சொல்லிவிட முடியாது. கொக்கட்டிச்சோலையிலும் மண்டூரிலும் பூசை முடிந்ததும் கோயில் மரியாதையான காளாஞ்சி எந்தத் தாய்வழிக் குடியின் பெயருக்கு முதலில் எடுக்கப்படுகிறது என்பதில் ஊரின் அதிகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கோயில் அறங்காவலர்களான வண்ணக்கர்மார் தலைமுறை தலைமுறையாக அந்த வரிசையைக் காத்து வந்திருக்கிறார்கள். வரிசை பிசகினால் திருவிழாவில் சண்டை வரும், வழக்கு நீதிமன்றம் வரை போகும். யாரை முதலில் அழைக்கிறோம், யாருக்கு எந்த இடத்தில் இருக்கை போடுகிறோம் என்பது ஊருக்கே சொல்லும் செய்தி என்று எங்கள் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தார்கள்.

அரச விழாக்களிலும் அந்தக் கண்ணோடுதான் போய் அமர்கிறோம். புளியந்தீவு வாவி சூழ்ந்த சிறு நிலம். கோட்டை, அதற்குள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரி, புனித மரியாள் பேராலயம், ஆனைப்பந்தி கோயில், மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே நடக்கும் எந்த அரச நிகழ்விலும் மங்கல விளக்கு ஏற்றியதும் ஆசியுரை தொடங்கும். முதலில் பிக்கு, பிறகு குருக்கள், மௌலவி, பாதர். பிக்குவின் நாற்காலியில் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருக்கும். 1972ஆம் ஆண்டு யாப்பின் 6ஆம் பிரிவும் 1978ஆம் ஆண்டு யாப்பின் 9ஆம் உறுப்புரையும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதிவைத்ததன் கண்ணால் காணும் வடிவம் அந்தத் துணி. அந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் இங்கே நான் பேச வந்தது அந்தத் துணியைப் பற்றியில்லை. அதன்மேல் அமர்வதற்கு யார் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தத் தேர்வுக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பற்றி.

2021 அக்டோபர் 26ஆம் தேதியிட்ட அதிவிசேட வர்த்தமானியில் கோட்டாபய ராஜபக்ச ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்ற பெயரில் ஜனாதிபதி செயலணியொன்றை அமைத்தார். பதின்மூன்று உறுப்பினர்கள். முஸ்லிம்கள் நால்வர் இருந்தார்கள். தமிழர் ஒருவரும் இல்லை, பெண் ஒருவரும் இல்லை. எதிர்ப்பு வந்த பிறகே மூன்று தமிழர்கள் சேர்க்கப்பட்டார்கள். தலைவராக நியமிக்கப்பட்டவர் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாவின் செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர். நீதியமைச்சராக இருந்த அலி சப்ரி, தம்மிடம் எதுவும் கேட்கப்படவில்லை என்று சொன்னார். நாட்டின் சட்டத்தைப் பற்றிய செயலணி நீதியமைச்சருக்கே தெரியாமல் வந்தது.

2014 ஜூன் 15ஆம் தேதி அளுத்கமவில் ஞானசார தேரர் பேசிய கூட்டத்தைத் தொடர்ந்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. 2016 ஜனவரியில், காணாமலாக்கப்பட்ட பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொடவின் வழக்கு நடந்த ஹோமாகம நீதிமன்றத்துக்குள் அவர் நீதவான் முன்னிலையில் கூச்சலிட்டார். பிரகீத்தின் மனைவி சந்தியாவை அச்சுறுத்தினார். அந்த நீதிமன்ற அவமதிப்புக்காக 2018 ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஓராண்டுகூட ஆகாமல், 2019 மே மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பொதுமன்னிப்பு அளித்து அவரை வெளியே விட்டார். கணவனைத் தேடி நீதிமன்றம் ஏறிய ஒரு பெண்ணை அச்சுறுத்தியவரிடம் சட்டத்தைச் சீர்செய்யும் பொறுப்பு போனது. பிள்ளைகளின் படத்தை ஏந்தியபடி ஆண்டுக்கணக்காக வீதியோரம் நிற்கும் மட்டக்களப்புத் தாய்மாருக்கு அந்த வர்த்தமானி என்ன சொன்னது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செயலணி தொட வந்த தனியார் சட்டங்கள் எங்கள் பகுதிக்கு நெருக்கமான விடயம். மட்டக்களப்புக்கென்று முக்குவர் சட்டம் என ஒன்று இருந்தது. தாய்வழியே சொத்து இறங்கும் முறை. பிறிற்றோ அதை 1876இல் நூலாகத் தொகுத்தார். சட்டம் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அது நின்ற அடித்தளமான தாய்வழிக் குடிமுறை தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்றும் இருக்கிறது. இரு சமூகத்திலும் பிள்ளைக்குத் தாயின் குடிதான். மகளுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை வீட்டுக்கு எடுக்கும் வழக்கமும் இரு பக்கமும் உண்டு. இரண்டு சமூகங்கள் ஒரே உறவுமுறையைப் பகிர்ந்து வாழ்ந்த இந்த மண்ணைப் பற்றி ஒரு சொல்லும் அறியாதவர்கள் ‘ஒரே சட்டம்’ என்றார்கள்.

சீர்திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் மணப்பெண்ணின் கையொப்பத்துக்குக்கூட இடமில்லை. சிறுமிகளின் திருமணத்துக்குத் தடையில்லை. இவற்றை மாற்றக் கோரி முஸ்லிம் பெண்கள் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள். சொந்தச் சமூகத்துக்குள்ளேயே வசவுகளைத் தாங்கியவர்கள் அவர்கள். ஞானசார தேரரைத் தலைவராக்கிய கணத்தில் அவர்களுடைய கோரிக்கை அவர்கள் கையைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு திருத்தம் என்று வாய் திறந்த எந்தப் பெண்ணையும் பார்த்து, நீயும் அந்த ஆமத்துருவின் பக்கமா என்று கேட்பது எளிதாகிவிட்டது. பகைமையை வளர்த்த ஒருவரை நல்ல காரியத்தின் முகமாக வைத்ததால் அந்தக் காரியமே பகைமையின் பகுதியாகிவிட்டது. இதைவிடப் பெரிய சேதத்தை அந்தச் செயலணியின் எந்தப் பரிந்துரையாலும் செய்திருக்க முடியாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். 2020இல் கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் அழுகையையும் மீறி எரித்தார்கள். பச்சிளங் குழந்தையின் உடலையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட இடம் எங்கள் மாவட்டத்தின் ஓட்டமாவடியில், மஜ்மா நகர். தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் பெட்டிகள் அங்கே வந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். அந்த மண் காயும் முன்னர் வந்தது அக்டோபர் வர்த்தமானி. அந்த ஆண்டு இரசாயன உரத் தடையால் விவசாயி வயலில் தவித்தான், கடைகளில் பால்மா கிடைக்கவில்லை, அரசாங்கத்தின்மேல் சிங்கள மக்களின் நம்பிக்கையும் கரைந்துகொண்டிருந்தது. 2019இல் அனுராதபுரம் ருவன்வெலிசாயவின் முன் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளே தம்மை வெல்லவைத்தன என்று சொன்னவர் கோட்டாபய. அந்த வாக்குகளை மறுபடி கட்டிப்போட அவருக்கு ஒரு பிக்கு தேவைப்பட்டார். அதற்கான செலவு முஸ்லிம்களின் பெயரில் எழுதப்பட்டது.

கோட்டாபயவைக் குற்றஞ்சாட்டுவது நமக்கு எளிது. அதோடு நிறுத்திக்கொண்டால் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. அந்த வர்த்தமானிக்கு இரண்டு ஆண்டு நான்கு மாதம் முன்னர் அதே தேரருக்குக் கிழக்குத் தமிழர்களே இருக்கை போட்டோம். அதைப் பற்றி நம் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை.

2019 ஜூன். ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுகள் வெடித்து இரண்டு மாதம் ஆகவில்லை. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு மறைக்கல்வி முடித்து வெளியே வந்த சிறுவர்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தத் துயரத்திலும் கோபத்திலும் பங்கில்லாத தமிழ் வீடு இங்கே இல்லை. குண்டுதாரிகளின் தலைவன் காத்தான்குடிக்காரன் என்பதால், வாவிக்கரையில் தோளோடு தோள் உரசிக் கிடக்கும் ஊர்களுக்கிடையே போக்குவரத்தே குறைந்துபோனது. மே மாத இறுதியில் அத்துரலியே ரத்தன தேரர், கிழக்கு ஆளுநர் ஹிஸ்புல்லாவையும் மேல் மாகாண ஆளுநர் அசாத் சாலியையும் நீக்கக் கோரி தலதா மாளிகை முன் உண்ணாவிரதம் இருந்தார். மட்டக்களப்பிலும் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதே கோரிக்கையோடு உண்ணாவிரதம் அமர்ந்தார். ஜூன் 3ஆம் தேதி ஆளுநர்கள் பதவி விலகினார்கள், முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் விலகினார்கள்.

இரண்டு வாரம் கழித்து கல்முனையில் இன்னொரு உண்ணாவிரதம் தொடங்கியது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான பிரதேச செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்பது கோரிக்கை. முப்பது ஆண்டாகத் தமிழர்கள் கேட்டு அலுத்த கோரிக்கை, முழுக்க நியாயமானது. கல்முனை சுபத்திராராம விகாராதிபதி ரன்முத்துகல சங்கரத்ன தேரரும் முருகன் கோயில் குருக்களும் உண்ணாவிரதம் இருந்தவர்களில் அடக்கம். சங்கரத்ன தேரர் தமிழ் பேசி, தமிழரோடு பழகி வாழ்பவர். அவர் அங்கே அமர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. பிரதமரின் செய்தியோடு வந்த அமைச்சர்களையும் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரனையும் கூட்டம் ஏற்க மறுத்தது. பின்னர் ஜூன் 22ஆம் தேதி ஞானசார தேரர் வந்தார். சிறையிலிருந்து வெளியே வந்து ஒரு மாதம். கூட்டம் அவரை வரவேற்றது. தீர்வு வரும் என்று அவர் உறுதி சொன்னார். உண்ணாவிரதம் முடிந்தது.

அதுவும் ஓர் அரசியல் சடங்குதான். உண்ணாவிரதத்தை யார் முடித்துவைக்கிறார் என்பதைத் தமிழர் அரசியலில் சின்ன விடயமாக யாரும் எடுப்பதில்லை. அன்னை பூபதி 1988இல் மாமாங்கத்தில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட மாவட்டம் எங்களுடையது. அந்த மரியாதையை அளுத்கம பேச்சுக்காரருக்கு ஏன் கொடுத்தோம்? அவருக்குக் கல்முனைத் தமிழர்மேல் பாசம் இல்லை என்பது வரவேற்றவர்களுக்கும் தெரியும். கல்முனையின் முஸ்லிம் அரசியல்வாதிகளுக்கு யாரைக் கண்டால் அச்சம் வருமோ அவரைக் கூட்டிவந்தால் காரியம் நடக்கும் என்பதே அந்தக் கணக்கு. கல்முனைக்குடியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். அவர் அன்று கோபப்படவில்லை. “எங்களிட்டயும் ஒருக்காக் கதைச்சிருக்கலாமே” என்றார். அந்த வாக்கியம் இன்றும் எனக்குள் கிடக்கிறது. தரமுயர்த்தலை எதிர்த்த முஸ்லிம் தலைமைகளின்மேல் எனக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனால் ஞானசார தேரர் வந்து போன நாளில் அச்சப்பட்டது அந்தத் தலைமைகள் இல்லை. கடையைப் பாதியில் மூடிவிட்டுப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரப் போன சாதாரண மனிதன்தான் அச்சப்பட்டான்.

செப்டம்பர் 23 வந்தது. முல்லைத்தீவில் நீராவியடிப் பிள்ளையார் கோயில் வளவை ஆக்கிரமித்து விகாரை அமைத்திருந்த கொலம்பே மேதாலங்கார தேரர் இறந்திருந்தார். உடலை வேறிடத்தில் தகனம் செய்யுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஞானசார தேரர் தலைமையில் வந்தவர்கள் உத்தரவை மீறி, கோயிலின் தீர்த்தக் கேணி அருகிலேயே உடலை எரித்தார்கள். எதிர்த்து நின்ற தமிழ்ச் சட்டத்தரணிகள் தாக்கப்பட்டார்கள். கல்முனையில் நமக்கு உறுதி கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதமும் ஒரு நாளும். இதில் துரோகம் என்று எதுவும் இல்லை. அவர் எங்கும் ஒரே மனிதராகத்தான் இருந்தார். கல்முனையில் அவருடைய கை வேறொருவன் கழுத்தை நோக்கி நீண்டிருந்ததால் நமக்கு அது உதவும் கையாகத் தெரிந்தது.

சண்டைக்காரரைச் சபைக்கு அழைத்தால் பகை தணியும் என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. அமெரிக்காவில் 2009 ஜனவரி 20ஆம் தேதி தம் பதவியேற்பில் தொடக்கப் பிரார்த்தனைக்கு ஒபாமா, பாதிரியார் ரிக் வாரனை அழைத்தபோது இந்த வாதத்தைத்தான் சொன்னார். அதற்கு இரண்டு மாதம் முன்னர் கலிபோர்னியாவில் ஒருபாலினத் திருமண உரிமையைப் பறித்த எட்டாம் முன்மொழிவுக்கு ஆதரவு திரட்டியவர் வாரன். கருத்தால் மாறுபட்டவர்களும் ஒன்றாக நிற்க வேண்டும் என்றார் ஒபாமா. கேட்க அழகான சொல். ஒன்றாக நிற்பதற்காக ஒபாமா இழந்தது என்ன? ஒன்றும் இல்லை, மதவாத வாக்காளரிடம் அவருக்கு நற்பெயர்தான் கிடைத்தது. இழந்தவர்கள், தங்களுக்குத் திருமண உரிமை கூடாதென்று கேட்டுவிட்டு ஜனவரியில் அதே வாயிலிருந்து நாட்டுக்கான ஆசியைக் கேட்கவேண்டியிருந்த குடும்பங்கள். நான்கு ஆண்டு கழித்து இரண்டாம் பதவியேற்பில் அந்தப் பிரார்த்தனையைச் சொன்னவர் மர்லி எவர்ஸ் வில்லியம்ஸ். மத குரு அல்லர். 1963இல் வெள்ளை இனவெறியன் ஒருவனால் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பின உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் மனைவி. பாதிக்கப்பட்டவர் ஒருவரின் வாயில் ஆசியை வைக்கலாம் என்பதை அந்த மேடை கண்டுகொள்ள ஒரு முழுப் பதவிக்காலம் பிடித்தது. சந்தியா எக்னெலிகொடவோ காணாமலாக்கப்பட்ட ஒருவரின் தாயோ இலங்கையின் சுதந்திர தின மேடையில் ஆசி சொல்வதை நான் கற்பனை செய்து பார்க்கிறேன். அப்படியொரு நாடு எனக்கு வேண்டும்.

அழைத்தவரும் கடைசிவரை தப்புவதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சி உண்டு. 1956இல் எக்சத் பிக்கு பெரமுனவைத் துணைக்கொண்டு ஆட்சிக்கு வந்தார் பண்டாரநாயக்க. 1957 ஜூலை 26இல் செல்வநாயகத்தோடு உடன்படிக்கை எழுதினார். 1958 ஏப்ரல் 9ஆம் தேதி ரொஸ்மீட் பிளேசில் அவர் வீட்டு முன் பிக்குகள் வந்து உட்கார்ந்ததும் அதைக் கிழித்தார். அடுத்த மாதமே தமிழர்கள்மேல் கலவரம் பாய்ந்தது. 1959 செப்டம்பரில் அதே வீட்டு விறாந்தையில் தல்துவே சோமாராம தேரர் அவரைச் சுட்டார். அந்தச் சதியின் தலைவராகத் தண்டிக்கப்பட்ட மாபிட்டிகம புத்தரக்கித்த தேரர், 1956 வெற்றிக்கு உழைத்தவர். இடையில் செத்த தமிழர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

எங்கள் நகரின் மங்களராம விகாராதிபதி அம்பிட்டிய சுமணரத்ன தேரர் 2016இல் தமிழ்க் கிராம சேவையாளர் ஒருவரைப் பொலிசார் பார்த்துக்கொண்டிருக்கவே இழிசொல்லால் ஏசியதை நாடே காணொளியில் பார்த்தது. 2023 அக்டோபரில் தெற்கிலுள்ள தமிழர்களை வெட்டுவோம் என்று பேசினார். ஒருவர் இப்படிப் பேசுவது ஒரு துன்பம். அப்படிப் பேசியவரை அடுத்த அரச நிகழ்வில் வெள்ளை விரித்த நாற்காலியில் அமர்த்தி அதிகாரிகள் குனிந்து வணங்கினால் அது வேறு வகைத் துன்பம். ஏச்சு வாங்கிய கிராம சேவையாளரும் அதே அரசின் ஊழியர்தான். அந்த நாற்காலியை மறுப்பதற்குச் சட்டத் திருத்தமோ பெரிய துணிவோ வேண்டாம். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் அதிகாரிக்கு மனமிருந்தால் போதும்.

சமயத் தலைவர்கள் பொது வாழ்வுக்கு வரக்கூடாது என்ற கட்சியில் நான் இல்லை. இந்த ஊர் அதற்கு இடம் தராது. பாதர் சந்திரா பெர்னாண்டோ மட்டக்களப்பு பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்து, இராணுவம் கொண்டுபோன பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கினார். 1988 ஜூன் 6ஆம் தேதி புளியந்தீவில் அவருடைய மரியாள் ஆலயத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நியூ ஓர்லியன்சிலிருந்து 1948இல் வந்த பாதர் ஹரி மில்லர், இங்கே காணாமல்போனவர்களின் விவரங்களைப் போர்க்காலம் முழுதும் பதிந்துவைத்தார். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணியில் குருக்களும் பாதர்மாரும் முன்னே நடந்தார்கள். கட்டாய எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் அந்த நடையில் இருந்ததால் அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் முஸ்லிம்கள் சாலைக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். கல்முனை உண்ணாவிரதம் நடந்து இருபது மாதமே ஆகியிருந்தது. இவர்கள் எவரும் ஒரு சமூகத்தை அச்சுறுத்த இன்னொரு சமூகத்தால் கூட்டிவரப்பட்டவர்கள் இல்லை.

ஞானசார தேரரின் செயலணி 2022 ஜூன் இறுதியில் அறிக்கை கொடுத்தது. இரண்டு வாரத்தில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார். 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம், இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியதற்காகத் தேரருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதே மாதத்தில் கல்முனை வடக்கு செயலகத்தின் முன் தமிழர்கள் மீண்டும் போராட உட்கார்ந்தார்கள். 2019இல் கிடைத்த உறுதியால் ஒரு கோப்பும் நகரவில்லை.

கல்முனையை அடுத்த சாய்ந்தமருது முஸ்லிம்களும் தங்களுக்குத் தனி உள்ளூராட்சி சபை கேட்டுப் பல ஆண்டாகப் போராடுகிறார்கள். 2020 பெப்ரவரியில் அதற்கு வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. தமிழருடைய கோரிக்கையும் அவர்களுடைய கோரிக்கையும் ஏறக்குறைய ஒரே தன்மையானவை. தங்கள் அலுவலைத் தங்கள் ஊரில் தாங்களே பார்க்க வேண்டும் என்பதுதான் இரண்டும். இரு போராட்டக் குழுக்களும் கல்முனையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்து பேசுவதற்கு எந்தத் தேரரும் தேவையில்லை. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காயரும் அழைத்தால் போதும். இரு தரப்பும் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர்கள்தான்.